நாற்பது நாள் காசு

டை என்கிற அச்சை வெட்டுகிறவனுக்கு எழுத்தெல்லாம் திருப்பித்தான் தெரியும். தகட்டில் 'க' நேராக விழ வேண்டுமென்றால், எஃகில் அதைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூம் வேலையில் 36 வருஷம் இருந்தேன். திருமுல்லைவாயலிலிருந்து பட்டரவாக்கத்துக்கு ரயில், அங்கிருந்து நடை. வேலையை விட்டு ஐந்து வருஷமாகிறது. இன்றைக்கும் கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் மனசு அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது.

அந்தக் கண்ணோடுதான் சென்னையில் நடந்த ஒரு பழைய நாணயக் கண்காட்சிக்கு என் பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். சோழர் காசு, நாயக்கர் காசு, விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாய் என்று அவன் மேசை மேசையாக ஓடினான். நான் ஒரு மேசையில் நின்றுவிட்டேன். நம் ஒரு ரூபாயைவிடச் சின்னதாக, ஆனால் தடிமனாக ஒரு காசு. மூன்று, மூன்றரை கிராம் இருக்கும். இரண்டு பக்கமும் அரபி எழுத்து. லென்ஸ் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரத்தில் உளி இறங்கிய தடம் அப்படியே நிற்கிறது. ஒரு வளைவில் உளி கொஞ்சம் சறுக்கியிருக்கிறது. ஓரத்தில் எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தன. அச்சு பெரியது, காசு வில்லை சின்னது. அதனால் எந்தக் காசிலும் முழு வாசகமும் விழுவதில்லை.

"மதுரை சுல்தான் காசு, சார்" என்றார் மேசைக்காரர். "இவர் ஜலாலுதீன் அஹ்சன் ஷா. இவர் காசு அப்பப்போ கிடைக்கும். இவருக்கு அடுத்தடுத்து வந்தவர் ஒருத்தர் இருக்கார், குத்புதீன் ஃபிரோஸ் ஷான்னு. அவர் காசுதான் கஷ்டம். ஆண்டதே 40 நாள்." பட்டியல் புத்தகத்தைப் பிரித்துப் படத்தைக் காட்டினார். ஹிஜ்ரி 740ஆம் வருஷத்துக் காசு. நம் கணக்கில் 1339 ஜூலையிலிருந்து 1340 ஜூன் வரை.

நாற்பது நாளில் எப்போது டை வெட்டினார்கள், எப்போது கடினப்படுத்தினார்கள், எப்போது அடித்தார்கள்? எனக்கு முதலில் வந்த கேள்வி அதுதான். அன்றைக்குப் பிடித்த கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மதுரையில் சுல்தான்கள் ஆண்டார்கள் என்பதே நம்மில் பலருக்குச் செய்தி. மாலிக் கபூர் படையெடுத்து வந்து போனது 1311இல். அது கொள்ளைப் படையெடுப்பு, தங்கவில்லை. 1323இல் தில்லியிலிருந்து உலுக் கான் வந்து பாண்டிய நாட்டைப் பிடித்தார். பிற்பாடு முகமது பின் துக்ளக் என்று பேர் வாங்கியவர் அவர்தான். மதுரை தில்லியின் ஒரு மாகாணமானது. அரபு வணிகர்கள் நம் கடற்கரைக்கு வைத்திருந்த மாபார் என்ற பெயரே மாகாணத்துக்கும் பெயர். அங்கே ஆளுநராக இருந்த அஹ்சன், 1335 வாக்கில் தில்லிக்குக் கட்டுப்பட மாட்டேன் என்று தானே சுல்தானாகிவிட்டார். அடக்கப் புறப்பட்ட துக்ளக்கின் படை வாரங்கல் வரை வந்தது. அங்கே கொள்ளைநோய் படையை வாரிக்கொண்டு போக, திரும்பிவிட்டது. அதன்பின் மதுரை தனி ராஜ்ஜியம்.

ஒரு சுல்தான் தனி ராஜாவாகிவிட்டார் என்பதற்கு அந்தக் காலத்தில் இரண்டு அடையாளம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் டூல் ரூமில் கிரைண்டிங் பார்த்த பாய். பூந்தமல்லிக்காரர். "குத்பா, சிக்கா ரெண்டும்ணே" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் இமாம் மிம்பர் மேடையில் நின்று பிரசங்கம் செய்வார். அது குத்பா. அதில் ஆளும் சுல்தான் பெயரைச் சொல்லி துஆ, அதாவது பிரார்த்தனை, செய்வார்கள். சிக்கா என்பது காசு. பள்ளிவாசலில் பெயர் சொல்லப்பட வேண்டும், காசில் பெயர் விழ வேண்டும். பெயர் மாறினால் ஆட்சி மாறியது என்று கடைத்தெருவுக்கும் தெரிந்துவிடும்.

அன்று வீட்டுக்கு வந்து காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணினேன். எந்தக் கிழமையில் ஆரம்பித்தாலும் 40 நாளில் ஐந்து வெள்ளிக்கிழமை வரும், மிஞ்சினால் ஆறு. குத்புதீன் பெயர் மதுரையின் மிம்பரில் அவ்வளவு தடவைதான் ஒலித்திருக்க முடியும். குரல் அன்றன்றைக்கே போய்விட்டது. காசு மட்டும் இருக்கிறது.

அவர் எப்படி அரியணைக்கு வந்தார் என்பதை மொராக்கோவிலிருந்து வந்த பயணி இப்னு பதூதா எழுதி வைத்திருக்கிறார். அஹ்சன் ஐந்து வருஷம் ஆண்டார், கொல்லப்பட்டார். அவருடைய தளபதிகளில் ஒருவரான அலாவுதீன் உதௌஜி பட்டத்துக்கு வந்தார். ஒரு வருஷம் போல ஆண்டு, படையோடு போய்ப் பெரிய வெற்றி பெற்றுத் திரும்பினார். அடுத்த வருஷம் மறுபடி போனார். அன்றும் வெற்றி அவர் பக்கம்தான். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினார். அந்த நேரம் எங்கிருந்தோ ஓர் அம்பு வந்து தைத்தது. அங்கேயே உயிர் போய்விட்டது. வெயிலில் நிற்கிற எவனும் செய்கிற காரியம், இரண்டு மடக்குத் தண்ணீர். அதில் ஒரு ராஜ்ஜியம் கைமாறியது.

உடனே அவர் மருமகன் குத்புதீனை உட்கார வைத்தார்கள். இப்னு பதூதா அவரைப் பற்றி எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: நடத்தை சரியில்லை என்று யாருக்கும் பிடிக்கவில்லை, 40 நாளில் கொன்றுவிட்டார்கள். அடுத்த வரியில் கியாசுதீன் தமகானி சுல்தானாகிவிடுகிறார்.

நடத்தை சரியில்லை என்ற அந்தச் சொல்லை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். காரணம் இருக்கிறது. இப்னு பதூதா மதுரைப் பக்கம் வந்தது 1344இல், குத்புதீன் செத்து நாலு வருஷம் கழித்து. மாலத்தீவிலிருந்து இலங்கை போய், அங்கிருந்து கிளம்பி, கப்பல் உடைந்து நம் கரையில் ஒதுங்கினார். அவரை வரவேற்று வைத்துக்கொண்டவர் கியாசுதீன். கியாசுதீனின் மனைவி அஹ்சன் சுல்தானின் மகள். இப்னு பதூதா தில்லியில் இருந்தபோது கட்டிக்கொண்டதும் அஹ்சனின் இன்னொரு மகளை. ஆக இருவரும் சகலைகள். கொல்லப்பட்டவரின் கதையை அவர் கேட்டது, அந்தச் சாவால் லாபமடைந்தவர் வீட்டுத் திண்ணையில். அங்கே வேறு எப்படிச் சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இப்னு பதூதா சகலைக்காகப் பூசி மெழுகுகிற ஆள் கிடையாது. கியாசுதீன் பிடிபட்டவர்களைக் கழுவேற்றியதையும், பெண்கள் குழந்தைகள் என்று பாராமல் கொன்றதையும் மனம் பதறி எழுதியிருக்கிறார். வேறு எந்த அரசனும் இப்படிச் செய்து தான் கண்டதில்லை என்றும், அதனால்தான் ஆண்டவன் அவன் ஆயுளைச் சுருக்கினான் என்றும் சொல்கிறார். ஆகவே குத்புதீனைப் பற்றித் தெரிந்தே பொய் எழுதியிருப்பார் என்று நான் சொல்லவில்லை. அரண்மனையில் நிலைத்துவிட்ட பேச்சை எழுதினார். நாலு வருஷத்தில் அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

இந்த கியாசுதீன் முன்பு சாதாரணக் குதிரை வீரர். அப்போது அவர் பெயர் சிராஜுதீன். சுல்தானானதும் பெயரை மாற்றிக்கொண்டார். காசில் விழ வேண்டிய பெயர் அல்லவா. குத்புதீன் என்ற பட்டத்துக்கு அர்த்தம் கேட்டபோது பாய் சொன்னார்: "குத்புன்னா நடு அச்சுண்ணே. மார்க்கத்தோட அச்சு." ஃபிரோஸ் என்றால் வெற்றி கண்டவர். லேத்தில் வேலை செய்தவனுக்கு அச்சு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடும். அது ஒரு நூல் ஆடினாலும் வேலை கெட்டுப் போகும்.

மதுரையில் ஆடியது ஒருவர் மட்டுமில்லை. 1335லிருந்து 1378 வரை 43 வருஷத்தில் எட்டு சுல்தான்கள். அப்பாவுக்குப் பின் மகன் என்று இறங்குகிற வம்சம் அங்கே உண்டாகவே இல்லை. தில்லியோடு உறவு அறுந்துவிட்டதால் புதிதாகப் படை வர வழியில்லை. வடக்கே திருவண்ணாமலையில் இருந்துகொண்டு ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் நெருக்கிக்கொண்டிருந்தார். படை யார் பக்கம் சாய்கிறதோ அவர்தான் சுல்தான். மாமனார் செத்த அன்றைக்கு மருமகன் பக்கம் சாய்ந்தது. 40ஆம் நாள் கியாசுதீன் பக்கம் சாய்ந்தது.

அந்த வருஷம் நம் ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சம்புவராயர் ஆட்சி. படைவீட்டிலிருந்து தொண்டை மண்டலத்தை ராஜநாராயண சம்புவராயர் ஆண்டுகொண்டிருந்தார். திருமுல்லைவாயல் மாசிலாமணீசுவரர் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தவருக்கு, மதுரையில் ஒருவர் வந்ததும் தெரிந்திருக்காது, போனதும் தெரிந்திருக்காது.

கியாசுதீன் கதையும் நல்லபடி முடியவில்லை. 1342இல் கண்ணனூர்க் கொப்பத்தில் இருந்த சுல்தானின் கோட்டையை வல்லாளர் ஆறு மாதம் முற்றுகை போட்டார். கோட்டைக்குள் சோறு தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கியாசுதீன் ஆறாயிரம் பேரோடு எதிர்பாராமல் பாய்ந்து வல்லாளரைப் பிடித்தார். 80 வயதுக் கிழவர் அவர். பணத்தையும் யானைகளையும் வாங்கிக்கொண்டு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அது தொங்கியதைத் தானே பார்த்ததாக இப்னு பதூதா சொல்கிறார். அப்புறம் மதுரையில் கொள்ளைநோய் வந்தது. காய்ச்சல் கண்டவர்கள் இரண்டாம் நாள், மூன்றாம் நாள், மிஞ்சினால் நாலாம் நாள் செத்தார்கள். சுல்தானின் தாய், மனைவி, ஒரே மகன் எல்லாரும் போனார்கள். சில நாளில் அவரும் போனார். சகோதரன் மகன் நாசிருதீன் பட்டத்துக்கு வந்து, கியாசுதீனின் மருமகனைக் கொன்றுவிட்டு அந்தப் பெண்ணைத் தானே கட்டிக்கொண்டார். மறுபடியும் ஒரு மருமகன்.

இப்படி ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆண்டவர்கள் வேறிடத்திலும் உண்டு. 1316 ஜனவரியில் அலாவுதீன் கில்ஜி இறந்ததும், மதுரை வரை வந்த அதே மாலிக் கபூர், ஆறு வயது இருக்கும் சின்னப் பையன் ஷிஹாபுதீன் உமரை தில்லி அரியணையில் உட்கார வைத்துவிட்டுத் தான் ஆண்டார். 35 நாளில் கபூரைக் காவல் வீரர்களே வெட்டினார்கள். சில வாரத்தில் பையனின் அண்ணன் முபாரக், தம்பியை இறக்கிவிட்டுத் தானே சுல்தானானார். அவர் வைத்துக்கொண்ட பட்டமும் குத்புதீன். அந்தச் சின்னப் பையன் பெயரிலும் காசு அடித்திருக்கிறார்கள். கோல்கொண்டாவில் 1550இல் ஏழு வயது சுபான் குலி சில மாதம் சுல்தானாக இருந்தான். விஜயநகரத்தில் அடைக்கலம் இருந்த சித்தப்பா இப்ராஹிம் திரும்பி வந்ததும் அவன் ஆட்சி முடிந்தது. அந்தக் கோல்கொண்டா நமக்குத் தூரம் என்று நினைக்க வேண்டாம். பூந்தமல்லிப் பள்ளிவாசலை 1653இல் கட்டியவர், கோல்கொண்டா அப்துல்லா குதுப் ஷாவின் கீழ் இருந்த ருஸ்தம் என்ற அதிகாரி. கல்வெட்டு இருக்கிறது. பாய் சின்ன வயசிலிருந்து தொழுத இடம்.

என் கேள்விக்கு வருகிறேன். 40 நாளில் காசு எப்படி?

அரசர்களைப் பற்றி எழுதியவர்கள் காசு அடிக்கிற அக்கசாலைக்காரனைப் பற்றி எழுதுவதில்லை. ஆனால் ஒருவர் உள்ளேயிருந்தே எழுதினார். தக்குர பேரு என்ற ஜைனர், தில்லி அக்கசாலையில் வேலை பார்த்தவர். அந்த இன்னொரு குத்புதீன், முபாரக் காலத்தில், 1318இல், தன் மகனுக்கும் சகோதரனுக்கும் தொழில் கற்றுக் கொடுக்க 'திரவிய பரீட்சை' என்று ஒரு நூல் எழுதினார். எந்தக் காசில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு, எப்படி உரைத்துப் பார்ப்பது என்று தொழில்காரன் தொழில்காரனுக்குச் சொன்ன நூல். அதைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஃபோர்மேன் மாதிரி ஒருத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

என் வாழ்க்கையிலும் ஒரு நாற்பது நாள் உண்டு. தொண்ணூறுகளில் நான் இருந்த கம்பெனி மோட்டார் பம்புக்கு நேம் பிளேட் அடித்துக் கொடுக்கும். அதில் ஒரு பம்பு கம்பெனி கைமாறியது. புது முதலாளி பெயரோடு புது டை வேண்டும், மூன்று நாளில் வேண்டும் என்றார்கள். இரண்டு ஷிஃப்ட் சேர்த்து நின்று வெட்டினேன். ஆயிலில் முக்கிக் கடினப்படுத்தும்போது முதல் டை விரிசல் விட்டது. மறுபடி வெட்டினேன். நாலாம் நாள் பிளேட் போய்விட்டது. இரண்டு மாதம் முடியவில்லை, அந்த முதலாளியும் விற்றுவிட்டுப் போனார். டையை ஸ்கிராப்பில் போடச் சொன்னார்கள். எனக்குப் பணம் வந்தது, குறை ஒன்றுமில்லை. ஆனால் பல வருஷம் கழித்து திருவள்ளூர் தாண்டி ஒரு வயலில், மாமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் அந்தப் பிளேட்டைப் பார்த்தேன். துரு ஏறியிருந்தது. என் 'ர' வளைவு எனக்குத் தெரியாதா? அந்தப் பெயரில் இப்போது எந்தக் கம்பெனியும் இல்லை. மோட்டார் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

குத்புதீன் பெயரை வெட்டிய கைக்கும் இப்படித்தான் ஆள் வந்து சொல்லியிருப்பார்கள். உதௌஜி பெயர் போட்ட அச்சை எடுத்து வை, புதுப் பெயர் வெட்டு, சீக்கிரம். படைக்குச் சம்பளம் புதுப் பெயரில் போக வேண்டும். சம்பளம் வாங்குகிறவன்தான் யார் பக்கம் என்று முடிவு செய்கிறவன். ஆகவே முதல் வாரத்திலேயே கேட்டிருப்பார்கள் என்பது என் கணிப்பு. அடித்தார்கள், போட்டார்கள், 40ஆம் நாள் வேறு ஆள் வந்து வேறு பெயர் சொன்னான்.

ஒரு முறை மதுரைக்குப் போனபோது கோரிப்பாளையம் தர்காவுக்குப் போனேன். கோர் என்றால் பாரசீகத்தில் சமாதி. சமாதி இருப்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அலாவுதீன் பாதுஷா, சம்சுதீன் பாதுஷா என்று இரண்டு சுல்தான்கள் பெயரைச் சொன்னார்கள். எல்லா மதத்துக்காரர்களும் வந்து நிற்கிறார்கள். ஒரு அம்மா கைக்குழந்தைக்கு மயிலிறகால் மந்திரித்துக்கொண்டு போனார். குத்புதீன் பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் பாய் வீட்டுக்கு வந்திருந்தார். நான் டிரேசிங் பேப்பரை நீட்டி, "பாய், குத்புதீன் ஃபிரோஸ்னு அரபியில எழுதுங்க" என்றேன். எதற்கு என்று கேட்காமல் எழுதினார். பேப்பரைத் திருப்பிப் போட்டபோது ஒன்று கவனித்தேன். அரபி வலமிருந்து இடம் போகும் எழுத்து. டையில் அது இடமிருந்து வலம், நம் தமிழ் மாதிரி ஓடுகிறது. அரபி தெரியாத எனக்கே கை தடங்கலில்லாமல் போனது.

வீட்டில் சின்ன வைஸ், அரம், உளிகள் இருக்கின்றன. ஓ.எச்.என்.எஸ். எஃகில் ஒரு துண்டு. மின்சாரக் கருவி எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். வெட்டி முடிக்க ஒன்றரை நாள். அம்பத்தூரில் பழகிய ஷெட்டில் கொடுத்துப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி லேசாகச் சூடு காட்டி வாங்கி வர மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. செம்புக் கம்பியில் வில்லை அறுத்து, அதையும் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மெதுவாக்கினேன். மூன்றாம் நாள் காலையில் பின்கட்டில் பட்டறைக்கல் மேல் வில்லையை வைத்து, டையைப் பிடித்து, நாலு பவுண்டு சுத்தியலால் ஒரே அடி. மணிக்கட்டு அதிர்ந்தது. பேரன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.

பாய்க்குப் போன் செய்தேன். ஜும்ஆ முடிந்ததும் நேராக வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காசை வெளிச்சத்தில் சாய்த்து, விரல் நகத்தால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

"குத்புதீன் நல்லா விழுந்திருக்குண்ணே. ஃபிரோஸ்ல கடைசி எழுத்து பாதிதான் இருக்கு, மேல இருக்கற புள்ளி வெளியே போயிடுச்சு. வில்லையைக் கொஞ்சம் தள்ளி வெச்சு அடிங்க."

இன்னொரு வில்லையை எடுத்து அடுப்பில் போட்டேன்.